கடல்கடந்தோர் வாரிசுரிமை: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சொத்து வைத்திருந்த ஒருவர் இறந்தால், அந்தச் சொத்து எந்த நாட்டுச் சட்டப்படி யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளே கடல்கடந்தோர் வாரிசுரிமை எனப்படுகின்றன. தமிழருக்கு இது புதிய சிக்கல் அன்று. இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்தவர்கள் காலத்திலேயே நீதிமன்றங்கள் இதைப் பேசத் தொடங்கிவிட்டன. தாம்பரம், பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் எனச் சென்னைக்குத் தெற்கே விரிந்த புறநகர்ப் பகுதியில் இச்சிக்கல் இரண்டு திசைகளிலிருந்தும் வந்தது. முதலில் அயல்நாட்டார் இங்கு வந்து பணியாற்றி வாழ்ந்தனர். பின்னர் இவ்வூர்க்காரர்கள் அயல்நாடு சென்று சம்பாதித்து இங்கே மனை வாங்கினர். இரு தரப்புக்கும் பொருந்தும் அடிப்படை விதி ஒன்றுதான், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது.

மண்ணின் சட்டமும் ஆளின் சட்டமும்

பிரித்தானிய இந்தியாவில் வாரிசுரிமையை முதன்முதலாக விரிவாகத் தொகுத்தது 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பின்னால் வந்த பல சட்டங்களையும் சேர்த்து இது 1925இல் மறுபடி இயற்றப்பட்டது. அந்த 1925ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவு சொத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தியாவிலுள்ள நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு, இறந்தவர் எந்த நாட்டவராயினும் இந்தியச் சட்டமே பொருந்தும். பணம், பங்குகள், நகை போன்ற அசையும் சொத்துக்கு, இறந்தவர் சாகும்போது எந்த நாட்டை நிலையான குடியிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டின் சட்டம் பொருந்தும். இந்த நிலையான குடியிடத்தைத்தான் வழக்கறிஞர்கள் 'டொமிசைல்' என்கிறார்கள். சுருங்கச் சொன்னால், மனை மண்ணோடு நிற்கும், பணம் ஆளோடு போகும்.

சட்டத்தை எழுதியவர்கள் தந்த எடுத்துக்காட்டு ஒன்று இதைத் தெளிவாக்கும். பிரான்சை நிலையான குடியிடமாகக் கொண்ட ஆங்கிலேயர் ஒருவர் இந்தியாவில் இறக்கிறார். இங்கே அவருக்கு நிலமும் உண்டு, பணமும் உண்டு. நிலம் இந்தியச் சட்டப்படி போகும். பணத்துக்கோ, அங்கே குடியிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் பணத்தைப் பிரான்சு நாட்டுச் சட்டம் எப்படிப் பங்கிடும் என்று பார்க்க வேண்டும். மூன்று நாடுகள் ஒரே மரணத்தில் வந்து நிற்கின்றன.

4ஆம் பிரிவு இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோரை இந்த விதிகளிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர், தமிழ்க் கிறித்தவர் ஆகியோருக்கே அவை நேராகப் பொருந்தின. ஆயினும் இந்துக் குடும்பங்களின் வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இதே கொள்கையைத்தான் பொதுவாகப் பின்பற்றி வந்துள்ளன.

தாம்பரத்துக்கு வந்த அயலார்

1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இந்தியாவில் பிறந்த இவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அதே நோய்க்கான மருத்துவமனையை நடத்தி வந்தவர். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர, அதனுடன் ஸ்காட்லாந்து மிஷனரிப் பேராசிரியர்களும் வந்தார்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் அதற்கு வெகுகாலம் முன்பே படைவீரர் குடியிருப்புகள் இருந்தன. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் அமைந்தது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும் இந்த ரயில்பாதையில்தான் இருக்கிறது.

இவர்களுள் யாருடைய நிலையான குடியிடம் இந்தியா? வருடக்கணக்கைக் கொண்டு மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. 10ஆம் பிரிவின் விளக்கவுரை, அரசின் குடிமைப் பணி, தரைப்படை, கடற்படை, விமானப்படைப் பணி ஆகியவற்றுக்காகவோ, ஒரு தொழிலை நடத்துவதற்காகவோ இங்கு தங்கியிருப்பதாலேயே ஒருவர் இந்தியாவை நிலையான குடியிடமாகக் கொண்டவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. எனவே முப்பது ஆண்டுகள் சேலையூர் மரநிழலில் பாடம் நடத்திய பேராசிரியர், ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பும் எண்ணத்தோடே வாழ்ந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவருடைய வங்கிப் பணம் ஸ்காட்லாந்துச் சட்டப்படி பிரியும். இங்கேயே கண்மூட வேண்டும் என்று முடிவு செய்து வீடு கட்டிக் குடியேறியவரின் நிலை வேறு. ஓராண்டு தொடர்ந்து வசித்தவர், மாநில அரசு குறித்த அலுவலகத்தில் எழுத்து வடிவில் அறிக்கை கொடுத்து இந்தியக் குடியிடத்தைப் பெற்றுக்கொள்ளவும் 11ஆம் பிரிவு வழிவைத்தது. மனைவியின் குடியிடம் கணவனுடையதையே பின்தொடரும் என்றும் இச்சட்டம் சொல்கிறது. அந்த வரி இன்று படிக்கவே கூசுகிறது, ஆனால் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

மனத்திலுள்ள எண்ணத்தை வைத்துச் சட்டம் முடிவு செய்வதால், எண்ணியவர் இறந்தபின் அதை மெய்ப்பிக்கும் சுமை வாரிசுகள் தலையில் விழுகிறது. கடிதங்கள், கல்லறைக்கு வாங்கிய இடம், கப்பல் பயணச்சீட்டு எல்லாம் சாட்சியங்கள் ஆகின்றன.

கொழும்பில் ஒரு செட்டியார் சொத்து

அதே காலத்தில் எதிர்த் திசையில் சென்றவர்களுள் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். இவர்களுடைய குடும்பமும் வீடும் செட்டிநாட்டில் இருந்தன. முதல் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் புழங்கியது. சொத்து தனிமனிதருக்கு உரியதாக இல்லாமல், பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. இலங்கை அரசுக்கு இந்த ஏற்பாட்டை எப்படி வரிக்கணக்கில் அடக்குவது என்ற கேள்வி எழுந்தது.

'இலங்கை அட்டர்னி ஜெனரல் எதிர் அருணாசலம் செட்டியார்' என்ற வழக்கு இதில் முக்கியமானது. அருணாசலம் செட்டியாரும் அவருடைய மகனும் இந்தியாவை நிலையான குடியிடமாகக் கொண்டவர்கள். இந்தியா, இலங்கை, கீழ்த்திசை நாடுகளில் அவர்களுக்குத் தொழில் இருந்தது. 1934இல் மகன் இறந்தார். குடும்பத்தில் ஆண் பங்காளி என்று எஞ்சியவர் தந்தை ஒருவரே. 1938இல் அவரும் இறந்தார். அந்த ஆண்டு நடப்புக்கு வந்த இலங்கை மரணவரிச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர் ஒருவர் இறந்தால் குடும்பத்தின் பொதுச் சொத்துக்கு வரி இல்லை என்றது. ஒற்றை ஆண் மட்டும் எஞ்சிய குடும்பத்தைக் கூட்டுக் குடும்பம் என்று எப்படிச் சொல்வது, அது அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டதே என்பது அரசின் வாதம்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1957இல் தீர்ப்பு குடும்பத்தின் பக்கம் வந்தது. குடும்பத்தில் விதவைகள் இருந்தனர், அவர்களால் மகனைத் தத்தெடுக்க முடியும், தத்தும் எடுத்தனர். ஆகவே குடும்பம் அறுந்துபோகவில்லை, சொத்து கூட்டுக் குடும்பத்தினுடையதாகவே நீடித்தது என்றனர் நீதிபதிகள். சொத்தில் தமக்கெனப் பங்கு கோர முடியாதிருந்த பெண்களே அச்சொத்தைக் கூட்டுச் சொத்தாகக் காத்தார்கள் என்பது இவ்வழக்கின் முரண். இந்திய உச்ச நீதிமன்றம் 1966இல் வருமானவரி தொடர்பான கௌளி புத்தண்ணா வழக்கில் இத்தீர்ப்பை எடுத்தாண்டது.

பர்மாவில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு வாரிசுச் சட்டமே உதவவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது உயிருக்குத் தப்பி வந்தனர். 1948இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. மண்ணின் சட்டமே நிலத்தை ஆளும் என்ற விதியின் மறுபக்கம் அது.

பெங்களூரும் ஒரு காலத்தில் அயல்நாடு

அயல்நாட்டுத் தீர்ப்பு என்றால் லண்டன், சிங்கப்பூர் என்றே நினைக்கத் தோன்றும். சட்டப்படி 1940களில் பெங்களூரும் சென்னைக்கு அயல்நாடுதான். ஒன்று மைசூர் சமஸ்தானம், மற்றது பிரித்தானிய இந்தியா. பெங்களூரில் வாழ்ந்த தமிழ் ஒப்பந்ததாரர் ஒருவர் இரு பகுதிகளிலும் சொத்து வைத்துவிட்டு 1942இல் இறந்தார். உயில் செல்லும் என்று நிறைவேற்றுநர்களும், சொத்து கூட்டுக் குடும்பத்துடையது என்று மகன்களும் இரு சீமை நீதிமன்றங்களிலும் வழக்காடினர். இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல், 'விசுவநாதன் எதிர் ருக்ன்-உல்-முல்க் சையது அப்துல் வாஜித்' என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையிலுள்ள அசையாச் சொத்தின் உரிமையை மைசூர் நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்பது அதில் ஒரு முடிவு. அயல்நாட்டு நீதிமன்றம் இங்குள்ள நிலத்துக்கு உரிமையாளரை அறிவிக்க முடியாது என்பதற்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வழக்கு இது. சிங்கப்பூரில் பெற்ற தீர்ப்பை மேடவாக்கம் மனைக்காகக் கொண்டுவருபவர் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான்.

நகர எல்லையும் உயிலும்

தென்புறநகர்க்காரர்களுக்குப் பொருந்திய ஒரு விசித்திரம் உண்டு. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத் துணைநிலை ஆளுநரின் ஆட்சிப் பகுதியையும் சென்னை, பம்பாய் நகரங்களையும் தனியே பிரித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் ஓர் இந்து எழுதிய உயிலுக்கும், வெளியே எழுதினாலும் அந்த எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும் 'புரொபேட்', அதாவது நீதிமன்றம் உயிலை மெய்யெனச் சான்றளிக்கும் ஆணை, தேவைப்பட்டது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளில் இது தொடர்ந்தது. தாம்பரமும் பல்லாவரமும் அந்த எல்லைக்கு வெளியே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன.

இதன் விளைவு வேடிக்கையானது. சேலையூர் மனையைப் பற்றிப் பினாங்கில் உட்கார்ந்து இரண்டு சாட்சிகள் முன் எழுதிய உயிலுக்கு இங்கே புரொபேட் கட்டாயம் இல்லை. அதே மனையைப் பற்றி, விடுமுறையில் வந்தபோது ஜார்ஜ் டவுனில் வக்கீல் அறையில் எழுதிக் கையெழுத்திட்டால் புரொபேட் வேண்டும். தாம்பரம் மனையோடு மயிலாப்பூர் வீட்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கும் அதே கதி. முஸ்லிம்களுக்கு இக்கட்டாயம் பொருந்தவில்லை, கிறித்தவர்கள் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விடுபட்டனர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவையே நீக்கியது. வங்காளம், சென்னை, பம்பாய் என்ற கும்பினிக் காலப் பகுப்பு அதுவரை உயிரோடு இருந்தது.

வெளிநாட்டு நீதிமன்றம் ஏற்கெனவே மெய்ப்பித்த உயிலுக்கு 228ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. முறையாகச் சான்றளிக்கப்பட்ட நகலைக் காட்டினால், இங்குள்ள நீதிமன்றம் அதை இணைத்துச் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை வழங்கலாம். இங்கு பெற்ற ஆணையைச் சிங்கப்பூரில் மறுமுத்திரை இட்டுச் செல்லுபடியாக்கும் வழி அந்நாட்டுச் சட்டத்திலும் உண்டு. பேரரசுக் காலத்து ஏற்பாட்டின் எச்சம் இது.

மனையாக மாறிய சம்பளம்

வளைகுடா வேலையும் சிங்கப்பூர் வேலையும் பெருகியபின் தாம்பரத்தைச் சுற்றியிருந்த வயல்களும் ஏரிக்கரை நிலங்களும் மனைகளாயின. வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவார், தம்பியோ மைத்துனரோ பத்திரம் பதிவார். வாங்கியவர் ஊரில் இல்லாததால் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதிகாரம் பெற்றவருக்கே அச்சொத்தில் நலன் உண்டு என்றால் 202ஆம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது. கட்டுநர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். துபாயில் நடந்த மரணம் தாம்பரம் சார்பதிவாளருக்குத் தெரிய வழியில்லை. இறந்தவரின் பவரைக் கொண்டு எழுதப்பட்ட விற்பனைப் பத்திரங்களும் அவற்றைத் தொடர்ந்த வழக்குகளும் இந்த இடைவெளியில் முளைத்தவை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் உறவு என்பதைக் காட்டும், நிலத்தின் உரிமையைத் தீர்மானிக்காது. வாரிசுகளுள் ஒருவர் மெல்போர்னிலும் ஒருவர் டொராண்டோவிலும் இருந்தால் பட்டா மாற்றமே ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

இதைவிடக் கூர்மையான சிக்கல் பங்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் நிலையாகக் குடியேறிய ஓர் இந்து உயில் எழுதாமல் இறக்கிறார் என்று கொள்வோம். தாய், மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடவாக்கத்தில் அவர் சம்பாதித்து வாங்கிய மனைக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தாய்க்கு நான்கில் ஒன்று, மனைவிக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குத் தலா நான்கில் ஒன்று. அவர் பெயரில் மட்டும் இருக்கும் சிங்கப்பூர்ச் சொத்துக்கு அந்நாட்டுச் சட்டம். மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி, தாய்க்கு ஒன்றும் இல்லை. அவர் மலேசியாவில் வீடு வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. இரண்டு பிள்ளைகள் என்பதால் தற்செயலாக இந்தியக் கணக்கோடு ஒத்துப்போகிறது, மூன்று பிள்ளைகள் என்றால் ஒத்துப்போகாது. அதே மனிதர் தமிழ்க் கிறித்தவராக இருந்தால் மேடவாக்கம் மனையிலும் தாய்க்குப் பங்கில்லை. மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

மேடவாக்கத்துத் தாய்க்குத் தமக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. 'மகன் சொத்து மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்' என்று அவரே விட்டுக்கொடுத்துவிடுகிறார். எழுத்தில் விடுதலைப் பத்திரம் இல்லாமல் வாயால் விட்டுக்கொடுத்தது பின்னாளில் விற்பனையின்போது தலையெடுக்கும். அதற்குள் அந்தத் தாயும் இறந்திருப்பார். அவருடைய கால் பங்கு மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் இறங்கியிருக்கும்.

வளைகுடாவில் நிலை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் உயில் பதியத் துபாய் நிதி மையத்தில் 2015இல் ஏற்பாடு வந்தது. உயில் இல்லாவிட்டால் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்ற சட்டம் 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இறந்தவர்களின் குடும்பங்கள் முடங்கிய வங்கிக் கணக்குக்காகத் தூதரகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தன.

செலாவணியும் வரியும்

வாரிசு யார் என்று தீர்ந்தபின்னும் அவர் சொத்தை வைத்திருக்கலாமா, விற்ற பணத்தை எடுத்துச் செல்லலாமா என்ற கேள்வி நிற்கும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இந்தியக் குடிமக்கள் அல்லாதோர் இங்குள்ள அசையாச் சொத்தைக் கைமாற்ற ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்றது. பெங்களூரில் ஆங்கிலேயர் ஒருவரின் விதவை 1977இல் அனுமதியின்றி அளித்த கொடை செல்லாது என உச்ச நீதிமன்றம் 2021இல் அறிவித்தது. கொடுத்து நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின். அச்சட்டத்தின் இடத்துக்கு 1999இல் இயற்றப்பட்ட சட்டம் மென்மையானது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். அப்படிப் பெற்றதை விற்ற பணத்தை நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம். முடிச்சூர், வண்டலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது சிறிய சலுகை அன்று.

இந்தியா 1953 அக்டோபர் முதல் 1985 மார்ச் வரை மரணவரி வசூலித்தது. அதன் உச்ச விகிதம் ஒரு காலத்தில் 85 விழுக்காட்டைத் தொட்டது. வெளிநாட்டிலுள்ள அசையாச் சொத்து அதில் சேராது. இந்தியாவில் வரி போய்விட்டாலும் 1956இல் பிரிட்டனோடு செய்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் போகவில்லை. இந்தியாவை நிலையான குடியிடமாகக் கொண்டு இறந்தவரின், பிரிட்டனுக்கு வெளியே உள்ள சொத்தை, அங்குள்ள 40 விழுக்காட்டு வாரிசுரிமை வரியிலிருந்து அது இன்னும் காக்கிறது. உலகுக்கு டொமிசைலைக் கற்றுக்கொடுத்த பிரிட்டன், 2025 ஏப்ரல் 6 முதல் தன் வாரிசுரிமை வரிச் சட்டத்தில் அதைக் கைவிட்டு, எத்தனை ஆண்டுகள் வசித்தார் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறது.

அமெரிக்காவோடு இந்தியாவுக்கு அத்தகைய மரணவரி ஒப்பந்தம் கிடையாது. அமெரிக்கக் குடிமகனோ அங்கு நிலையாக வாழ்பவரோ அல்லாதவருக்கு அந்நாட்டிலுள்ள சொத்தில் 60,000 டாலர் வரைதான் விலக்கு. அமெரிக்க நிறுவனப் பங்குகள், அவற்றை வைத்திருப்பவர் எங்கிருந்தாலும், அமெரிக்காவிலுள்ள சொத்தாகவே கணக்கிடப்படும். சோழிங்கநல்லூரில் ஓர் அமெரிக்க நிறுவனக் கிளையில் வேலை செய்து, சம்பளத்தின் ஒரு பகுதியைத் தாய் நிறுவனப் பங்குகளாகப் பெற்று, தாம்பரத்தை விட்டு ஒருநாளும் வெளிநாடு போகாதவரின் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.